சாயம் பார்க்கிறவள்

தையல் சங்கத்தில் சாயம் பார்க்கிற வேலை ஜெசிந்தாவுடையது. திண்டிவனம் மார்க்கெட்டுப் பக்கத்துத் தையல் கடைகளிலிருந்து மூட்டையாக வந்து இறங்கும் வெட்டுத்துணிகளை முதலில் தொடுகிறவள் அவள்தான். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துண்டை எடுத்துத் தண்ணீரில் நனைப்பாள். அதன்மேல் ஒரு வெள்ளைத் துணியை வைத்து அழுத்தித் தேய்ப்பாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால், "பாத்தாச்சி" என்று தைக்கிறவர்கள் பக்கம் தள்ளிவிடுவாள். நிறம் ஒட்டினால், சாயம் நிற்பதற்காக அந்தத் துணி கல்லுப்புக் கரைத்த வாளிக்குள் போகும். அவள் "பாத்தாச்சி" சொன்ன துணியை வேறு யாரும் மறுபடி பார்ப்பதில்லை. பதினாலு வருஷமாக அப்படித்தான்.

ஓமந்தூர் போகிற சாலையில் மாதா கோயிலை ஒட்டிய பழைய வகுப்பறைதான் சங்கம். தானே புயல் அடித்த வருஷம் அங்கே வந்து ஒண்டிய ஜனங்கள் ஈரத்தரையில் நடுங்கிக்கொண்டு கிடந்தார்கள். அப்போது அங்கன்வாடியில் வேலையாக இருந்த அஞ்சம்மாள் ஊர்ப் பெண்களைக் கூட்டி, கிடைத்த துண்டுத் துணிகளையெல்லாம் கட்டம் கட்டமாக இணைத்து, நடுவில் பழைய புடவையை மடித்து வைத்து, போர்வையாகத் தைக்க வைத்தாள். மழை நின்ற பிறகும் செவ்வாயும் வெள்ளியும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவர்களும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்களும் ஒரே துணியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மல்லாட்டைக் கடலை பிடுங்குகிற மாதத்தில் மட்டும் ஆள் குறையும்.

அந்த முதல் போர்வையிலேயே ஒரு வழக்கமும் பிறந்தது. அதை ஆரம்பித்தவளும் ஜெசிந்தாதான். அப்போது அவளுடைய பெண்ணுக்கு விஷக் காய்ச்சல். தன் கட்டத்துக்கு அடியில் உள்ளங்கை அகல வெள்ளைத் துணி ஒன்றை வைத்து, அதில் பெண்ணின் பெயரை நூலால் தைத்து, மேலே மூடிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "உள்ள போற பேரு. சாமி பாத்துக்கும், நாம பாக்க வாணாம்" என்றாள். காய்ச்சல் இறங்கியது. அதிலிருந்து எல்லோரும் தங்கள் கட்டத்துக்கு அடியில் யாருக்காவது வேண்டிக்கொண்டு ஒரு பெயரைத் தைத்து வைப்பார்கள். உள்துணி என்று அதற்குப் பெயர். யார் பெயர் என்று சொல்வதும் இல்லை, கேட்பதும் இல்லை.

வருஷா வருஷம் ஒரு பெரிய போர்வை தைப்பார்கள். மார்கழி பிறக்குமுன் விழுப்புரத்தில் நடக்கிற மகளிர் குழுக் கண்காட்சிக்கு அது போகும். மூன்று நாள் அங்கே தொங்கிவிட்டு, பிறகு ஒரு முதியோர் இல்லத்துக் கட்டிலுக்குப் போய்விடும். அந்தப் போர்வையின் நடுக்கட்டம் ஒரு முழ அகலம் இருக்கும். நடுக்கட்டம் தைத்தவள்தான் விழுப்புரம் போய், மூன்று நாளும் போர்வைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்குத் தைத்துக் காட்டுவாள். ஒன்பது வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் ஜெசிந்தா.

வயல்வேலைக்குப் போய், கூலி வாங்கி, பெண்ணைக் கட்டிக்கொடுத்து ஐம்பத்து நாலு வயதுக்கு வந்த வாழ்க்கையில், யாரோ ஒருவர் "நீங்களா தச்சிங்க?" என்று நின்று கேட்பது அந்த மூன்று நாளில் மட்டும்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் புனிதா சங்கத்துக்கு வந்தாள். ஜெசிந்தாவின் புருஷன் மாசிலாமணியின் கடைசித் தம்பி தேவாவின் மனைவி. ஓரகத்திகள் இரண்டு பேருக்கும் ஒரே வாசல், ஒரே குழாய், ஒரே துணிக்கொடி. கல்யாணத்துக்கு முன் துணிக் கம்பெனியில் வேலை பார்த்த கை அவளுக்கு. ஊசி போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது.

அவள் கருவாட்டுக் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் சுவருக்கு இந்தப் பக்கம் வரும். ஒருநாள் மாசிலாமணி கேப்பைக் களியை அதில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே, "கைப்பக்குவம்னா இதான்" என்று சொல்லிவிட்டார்.

"உப்பு தூக்கலு" என்றாள் ஜெசிந்தா.

"தூக்கலுன்னு சொல்லிக்கினே நீயும்தான் கிண்ணத்த வழிச்சி நக்கின."

"வீணாக் கொட்ட மனசு வரல. அதுக்காவ நல்லாருக்குன்னு அர்த்தமா?"

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருஷமாக ஜெசிந்தாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வளையம் தெரியும். பஸ் வந்தால் போர்டு தெரியாது. பக்கத்தில் நிற்கிறவர்களிடம் வேறு எதையோ கேட்கிற மாதிரி கேட்டுக்கொள்வாள். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆபரேஷன் என்பார்கள். ஆபரேஷன் என்றால் சங்கத்துக்குத் தெரியும். தெரிந்தால் ஊசியை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று பயந்தாள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

ஊசி கோக்கத்தான் பெரிய பேஜாராக இருந்தது. ஒரு நூலுக்குப் பத்து நிமிஷம் ஆகும். பிறகு இந்த வருஷம் ஆடி மாதத்திலிருந்து ஒரு புது விஷயம் நடந்தது. சங்கத்தில் தன் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் பஞ்சுத் திண்டில் பத்து ஊசி கோத்து, முடிச்சுப் போட்டு, வரிசையாகக் குத்தியிருந்தது. யார் வேலை என்று அந்த முடிச்சைத் தடவியதுமே தெரிந்துவிட்டது. அவ்வளவு சின்ன முடிச்சு புனிதா ஒருத்திதான் போடுவாள்.

'கெழவிக்கு ஊசி கோக்கத் தெரியலன்னு ஊருக்குக் காட்டறாளா?' என்று ஜெசிந்தாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பத்து ஊசியிலிருந்தும் நூலை உருவிப் போட்டாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, நூல் முனையை எச்சில் தொட்டுத் தொட்டு, ஒன்றைக் கோத்தாள். அடுத்த வாரமும் பத்து ஊசி. அடுத்த வாரமும் உருவினாள். மனசில் பொறாமை இருக்கும்போது அன்புகூட வேறு முகத்தோடுதான் கண்ணில் படுகிறது.

ஐப்பசி முதல் வெள்ளி. நடுக்கட்டத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கிற நாள். எல்லோரும் ஒரே நீலத் துணியில் ஒரே மாதிரிக் கட்டம் தைத்து, பெயர் சொல்லாமல் பாயில் பரப்புவார்கள். ஆளுக்கொரு புளியங்கொட்டை. பிடித்த கட்டத்தின்மேல் வைத்துவிட்டு வரவேண்டும். வெளியே மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது.

"யாரும் தன்னுதுமேல வெச்சிக்கக் கூடாது" என்றாள் பாஞ்சாலி. சங்கத்தில் அடங்காத வாய் அவளுடையது. "போன வருசம் நான் வெச்சிக்கினேன். அப்பவும் ஒண்ணுதான் விழுந்துது."

"அந்த ஒண்ணும் கொட்டைக்கே புடிக்காம உருண்டு போச்சி" என்று யாரோ சொல்ல, கூடம் சிரித்தது.

பதினாலு பேர் போய் வந்தார்கள். அஞ்சம்மாள் பாயருகே குனிந்தாள். கடைசி வரிசையில் இருந்த ஒரு கட்டத்தின்மேல் கொட்டைகள் குவிந்து கிடந்தன. அதைத் தூக்கி, "யாருது?" என்றாள்.

"என்னுதுங்கம்மா" என்றாள் புனிதா, தரையைப் பார்த்துக்கொண்டு.

ஜெசிந்தாவின் கட்டத்தில் இரண்டு கொட்டை இருந்தது. ஒன்று அவளே வைத்தது. இன்னொன்று யாருடைய இரக்கமோ தெரியவில்லை. அந்தக் கொட்டைமேல்தான் அவளுக்கு அதிகக் கோபம் வந்தது.

"ஜெசிந்தா, இந்த வருசம் கொஞ்சம் நீட்டத் தையலாப் போட்டுட்ட போல" என்றாள் அஞ்சம்மாள் மெதுவாக. "போவுது. வீட்டுக்குள்ளயேதான இருக்குது நாற்காலி?"

"ஆமாமா. வீட்டுக்குள்ளயேதான்" என்றாள் ஜெசிந்தா. வாய் சிரித்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை புனிதா நடுக்கட்டத்துக்குத் துணி எடுத்து வந்தாள். அரக்குச் சிவப்பு. புதுத் துணி, மினுமினுத்தது. வெள்ளைக் கட்டங்களுக்கு நடுவில் அது எப்படி எரியும் என்று எல்லோருக்கும் பார்த்ததுமே தெரிந்தது.

"அக்கா, சாயம் பாத்துக் குடுங்க" என்று நீட்டினாள்.

ஜெசிந்தா ஒரு முனையை நனைத்தாள். வெள்ளைத் துணியை வைத்து அழுத்தித் தேய்த்தாள். எடுத்து முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். இட்லித் துணியில் பீட்ரூட் பட்டது போல ரோஸ் நிறம் ஒட்டியிருந்தது. எந்த மங்கல் கண்ணுக்கும் தெரிகிற நிறம்.

ஒரு நிமிஷம்தான். மனுஷருக்குக் கெட்டுப்போக அதற்குமேல் நேரம் தேவையில்லை. வெள்ளைத் துணியைக் கைக்குள் சுருட்டி மூடிக்கொண்டாள்.

"பாத்தாச்சி" என்றாள்.

புனிதா துணியை வாங்கிக்கொண்டு போய் வெட்டினாள். ஜெசிந்தா வீட்டுக்குப் போனதும் அந்த வெள்ளைத் துணியை அடுப்பில் போட்டாள். ஈரத்துணி எரியாமல் வெகுநேரம் புகைந்தது.

அதற்குப் பிறகு ஐந்து வாரம். சொல்வதற்கு ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் ஒரு வாசல் திறந்துதான் இருந்தது. 'இன்னிக்கி சொல்லிடலாம்' என்று நினைத்துக்கொண்டு போவாள். எல்லோரும் சிவப்புக் கட்டத்தைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். சொல்லாமல் வந்துவிடுவாள். அவளுடைய சொந்தக் கட்டம் நடுக்கட்டத்தை ஒட்டி வந்தது. அதன் அடியில் உள்துணியை வைத்து, ஊசியைக் கையில் எடுத்தாள். யார் பெயரைத் தைப்பது? பெண்ணின் பெயரைத் தைக்கப் பார்த்தாள், விரல் நகரவில்லை. வெறும் வெள்ளைத் துணியை அப்படியே வைத்து மூடிவிட்டாள். அந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவள் அவள்தான்.

ஞாயிறு பூசையில் பாவத்தோடு தொடக் கூடாத நற்கருணை அப்பத்தை வாங்க எல்லோரும் எழுந்து போகும்போது அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். "முட்டி வலி" என்று மாசிலாமணியிடம் சொன்னாள். ஆண்டவரிடம் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை.

கார்த்திகை நடுவில் போர்வை முடிந்தது. கண்காட்சிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மழை விட்ட ஒரு காலையில், கை அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் போக, போர்வையைத் தொட்டியில் போட்டு அலசினார்கள். இரண்டு பேர் ஒரு முனை, இரண்டு பேர் ஒரு முனை என்று தூக்கினார்கள். தண்ணீர் சிவப்பாக வழிந்தது.

"ஐயையோ" என்றாள் பாஞ்சாலி. அவள் வாயிலிருந்து வேறு வார்த்தை வராதது அதுவே முதல் தடவை.

நடுக்கட்டத்தைச் சுற்றியிருந்த எட்டு வெள்ளைக் கட்டங்களும் ரோஸ் நிறமாக நனைந்திருந்தன. சில இடத்தில் சிவப்பு கோடு கோடாக ஓடியிருந்தது. போர்வை முழுக்க யாரோ வெற்றிலை துப்பிய மாதிரி இருந்தது.

அஞ்சம்மாள் திரும்பினாள். எல்லோரும் திரும்பினார்கள். அவர்கள் கண்கள் ஜெசிந்தாவிடம் வந்து நின்றன. அவள் வாயைத் திறக்குமுன்,

"நான்தாங்கம்மா" என்றாள் புனிதா. "அக்கா உப்புல ஊற வெக்கத்தான் சொன்னாங்க. நான்தான் ஜல்தியா முடிக்கணும்னு அப்படியே வெட்டிட்டேன்."

ஜெசிந்தா அவளைப் பார்த்தாள். அப்படி யாரும் சொல்லவே இல்லை. புனிதா அவள் பக்கம் திரும்பாமல் புடவை முனையைப் பிழிந்துகொண்டு நின்றாள்.

"கம்பெனியில வேல பாத்த கை. உப்புத் தண்ணி எதுக்குன்னு நெனச்சிட்டா போல" என்றாள் பாஞ்சாலி. "பதினாலு பேரு ஒழப்பு. மசக்கைக்காரி எலந்தப்பழம் தின்ன மாதிரி அவசரம் இவளுக்கு."

ஜெசிந்தா நின்ற இடத்திலேயே நின்றாள். எந்தப் பெயர் இறங்கவேண்டும் என்று இத்தனை நாள் ஆசைப்பட்டாளோ அது கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது.

"போர்வைய வுட்டுட முடியாது" என்றாள் அஞ்சம்மாள். "ஒம்பது கட்டத்தயும் பிரிங்க. புதுசா வெப்போம். பிரிக்கிறவங்க உள்துணிய படிக்காம மடிச்சிக் கூடையில போட்றணும். அது அவங்கவங்க வேண்டுதல்."

வெள்ளிக்கிழமை பிரிக்க உட்கார்ந்தார்கள். அஞ்சம்மாள் நடுக்கட்டத்தை ஜெசிந்தாவிடம் கொடுத்தாள். "தாறுமாறா கிழிச்சிட போறாளுங்க. நீயே பிரி."

ஜெசிந்தா மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தையலாகக் கத்தரி முனையால் நெம்பினாள். இவ்வளவு நெருக்கமான தையலை அவள் வாழ்நாளில் பிரித்ததில்லை. மூன்று பக்கம் பிரிந்ததும் சிவப்புத் துணியை மடக்கித் தூக்கினாள். அடியில் உள்துணி இருந்தது. சாயம் இறங்கி அது முழுக்கச் சிவந்திருந்தது. ஆனால் தைத்த நூல் கடையில் வாங்கிய பளபளப்பு நூல். சாயத்தை அது வாங்கிக்கொள்ளவில்லை. சிவப்புக்குமேல் வெள்ளை எழுத்துகள் பளிச்சென்று நின்றன. படிக்கக் கூடாது என்று நினைக்குமுன் அந்த மங்கிய கண் படித்துவிட்டது.

ஜெசிந்தா அக்கா கண்ணு.

கத்தரி கையிலிருந்து நழுவியது.

"இன்னாக்கா?" பக்கத்தில் பிரித்துக்கொண்டிருந்த பாஞ்சாலி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வாய் நிற்குமா? "ஜெசிந்தா அக்கா கண்ணு... ஏ, உங்க பேரு போட்டிருக்குது!"

"பாஞ்சாலி!" என்று அதட்டிய அஞ்சம்மாள் தானும் அருகில் வந்தாள். "கண்ணா? உன் கண்ணுக்கு இன்னா ஜெசிந்தா?"

புனிதாதான் மூலையிலிருந்து சொன்னாள், கூச்சமாக. "அக்காவுக்கு ரெண்டு வருசமா சரியா தெரியலம்மா. அரிசியில கல்லு பொறுக்கறத பாத்துட்டுதான் எனக்குத் தெரிஞ்சிது. தடவித் தடவி பொறுக்குவாங்க. அவங்களா சொல்லாதப்ப நாம எப்படிச் சொல்றது? அதான் ஊசிய மட்டும் கோத்து வெச்சேன்."

"அப்ப உப்புல ஊற வெக்கச் சொன்னாங்கன்னியே?" என்றாள் அஞ்சம்மாள்.

"அது... கண்ணு தெரியாமதான் பாத்தாச்சின்னு சொல்லிட்டாங்கன்னு நெனச்சேன். சொன்னா, அக்காவ சாயம் பாக்கற வேலையிலேருந்து எடுத்துடுவீங்களோன்னு பழிய நான் எடுத்துக்கினேன்."

கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. அஞ்சம்மாள் ஜெசிந்தாவின் தோளில் கை வைத்தாள். "பைத்தியக்காரி. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? கண்ணு தெரியாத மனுசி இன்னா பண்ணுவா? விடுங்கடி. யாரு மேலயும் தப்பில்ல."

இவ்வளவு நல்ல கதவை யாரும் அவளுக்காக இதுவரை திறந்ததில்லை. தலையை ஆட்டினால் போதும். எல்லோரும் அவளை அணைத்துக்கொள்வார்கள். புனிதாமேல் வந்த பழியும் போய்விடும். ஜெசிந்தா அந்த வெள்ளை எழுத்துகளை விரலால் தடவினாள். அந்தச் சின்ன முடிச்சு விரலில் தட்டியது.

"தெரிஞ்சிது" என்றாள்.

"இன்னாது?"

"சாயம் போவுதுன்னு தெரிஞ்சிது. நல்லா தெரிஞ்சிது. ரோசா கலரா ஒட்டிச்சி. கைக்குள்ள மூடிக்கினு பாத்தாச்சின்னு சொன்னேன்."

தூறல் ஓட்டில் விழுகிற சத்தம் கேட்டது.

"ஏங்க்கா?" என்றாள் புனிதா.

"நீ போயி அந்த நாற்காலியில உக்காரக் கூடாதுன்னு."

புனிதா எழுந்தாள். எப்போதும் தாழ்ந்தே வருகிற அவள் குரல் அன்று உயர்ந்தது. "கண்ணுன்னு நெனச்சிதான்க்கா நான் திட்டு வாங்கினேன். எலந்தப்பழம் தின்ன அவசரம்னு பேச்சு வாங்கினேன். எங்க வீட்டுக்காரரு ரெண்டு நாளா, உன்னால ஊருல தல காட்ட முடியலன்றாரு. நீங்க அங்கயே நின்னுக்கினு இருந்திங்களே! அன்னிக்கி உங்க கட்டத்துல ரெண்டாவது கொட்டைய யாரு போட்டான்னு நெனச்சிங்க?"

புனிதா தன் பையை எடுத்துக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போனாள்.

யாரும் ஜெசிந்தாவைத் திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருந்திருக்கும். பாஞ்சாலி தன் மடியில் இருந்த கட்டத்தைக் குனிந்து பிரித்துக்கொண்டிருந்தாள். அது ஜெசிந்தாவின் கட்டம். அடியிலிருந்த உள்துணியைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு தையல்கூட இல்லை. மறுபடியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு, ஊரில் யார் வீட்டு ரகசியத்தையும் மூன்று தெருவுக்குக் கொண்டுபோகிற அந்தப் பாஞ்சாலி, ஒன்றும் சொல்லாமல் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அன்று சாயந்திரம் ஜெசிந்தா புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணைப் பற்றியும் சொன்னாள். "கண்ணுக்கு முண்டியம்பாக்கம் போலாம்" என்றார் மாசிலாமணி. "அதுக்கு டாக்டரு இருக்காரு. இன்னொண்ணுக்கு நீயேதான் வைத்தியம் பாக்கணும்."

மறுநாள் காலையில் அவள் குழாயடியில் வாளி வைத்தாள். இரண்டு கை கல்லுப்பைப் போட்டுக் கரைத்து, சங்கத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்த அந்தச் சிவப்புத் துணியை முக்கினாள். வாசலில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரிகிற இடம்.

"இன்னா ஜெசிந்தா, கறி கழுவறியா?" என்று எதிர் வீட்டுக்காரி கேட்டாள்.

"நான் பண்ணின வேலைய கழுவறேன்."

மத்தியானம் துணியைப் பிழிந்து, வெள்ளைத் துணியை வைத்துத் தேய்த்தாள். முகத்தருகே கொண்டுபோனாள். ஒட்டியிருக்கிறதா, இல்லையா? லேசான நிறம் அவளுக்குத் தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். புனிதா முறத்தில் மல்லாட்டை புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியல. நீ பாத்து சொல்லு" என்று ஜெசிந்தா வெள்ளைத் துணியை நீட்டினாள்.

கை நீட்டியபடியே இருந்தது. முறம் இரண்டு மூன்று தடவை மேலே போய் வந்தது. பிறகு நின்றது. புனிதா துணியை ஒரு பார்வை பார்த்தாள்.

"போவுது."

அவ்வளவுதான். ஜெசிந்தா தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரும் புது உப்பும் போட்டாள். உப்பு அவள் விரல் வெடிப்புகளில் ஏறிக் காந்தியது. அடுத்த நாள் மறுபடியும் சுவரைத் தாண்டிப் போய் நின்றாள்.

"இன்னும் போவுது" என்றாள் புனிதா. நேற்றைவிட ஒரு வார்த்தை கூடுதல்.

மூன்றாம் நாள் புனிதா துணியைத் தன் கையிலேயே வாங்கிக்கொண்டாள். வெளிச்சத்துக்குப் போய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். வாளித் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தாள். அடி தெரிகிற தெளிவு.

"நின்னு போச்சி" என்றாள். போக ஆரம்பித்தவள், திரும்பாமலே கேட்டாள். "ஆஸ்பத்திரிக்கு என்னிக்கிப் போறிங்க?"

"கண்காட்சி முடியட்டும். நீ விழுப்புரம் போயிட்டு வந்துடு. வந்தப்புறம் பாக்கலாம்."

புனிதா உள்ளங்கைத் தண்ணீரை உதறிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போனாள்.

செவ்வாய்க்கிழமை ஜெசிந்தா சங்கத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே போனாள். உப்பில் ஊறிய சிவப்புத் துணி கொஞ்சம் மினுமினுப்பு குறைந்து, ஆனால் இன்னும் அழகாக, இஸ்திரி போட்டு நடுவில் விரித்திருந்தது. சுற்றிலும் எட்டு இடம் காலியாக இருந்தது. பாஞ்சாலி வந்து இடுப்பிலிருந்து எதையோ எடுத்து அவள் மடியில் போட்டாள். மடித்த வெள்ளைத் துணி.

"உங்களுது. பேரு போட மறந்துட்டிங்க போல" என்று சொல்லிவிட்டு, அடுத்த பேச்சுக்கு இடம் கொடுக்காமல் தன் பாய்க்குப் போய்விட்டாள். துணியில் சாயம் ஏறிய ஓரங்களை வெட்டி எடுத்திருந்தாள்.

ஜெசிந்தா பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். பஞ்சுத் திண்டைத் தடவினாள்.

பத்து ஊசி இருந்தது. பத்திலும் நூல் கோத்திருந்தது. ஆனால் எந்த நூலிலும் முடிச்சு இல்லை.

கூடத்துக்கு அந்தப் பக்கத்தில் புனிதா குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா ஓர் ஊசியை உருவினாள். நூலின் முனையை விரலில் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள். புனிதா போடுவதுபோல் சின்னதாக வரவில்லை. பிறகு அந்த வெள்ளைத் துணியைத் தொடைமேல் வைத்து, தன் ஓரகத்தியின் பெயரின் முதல் எழுத்தைத் தைக்கத் தொடங்கினாள்.